பசுஞ்செடி பழுப்பேறினால்: வாசலில் வைத்த துஜாவையும் இட்லிப்பூவையும் காப்பாற்றும் வழிகள்

குன்றத்தூர், மாங்காடு, படப்பை, ஒரகடம் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்தவர்களின் வாசலைப் பார்த்தால் செடிப் பட்டியல் அநேகமாக ஒன்றுதான். கேட்டுக்கு இரு பக்கமும் துஜா, சுற்றுச்சுவரை ஒட்டிக் குட்டை இட்லிப்பூ, வேலிக்கு மஞ்சள் டுராண்டா, மூலையில் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ. எல்லாமே வருடம் முழுக்கப் பச்சையாக நிற்க வேண்டியவை. ஆனால் ஒரு கோடை தாண்டுவதற்குள் இலை நுனி கருகும், ஒரு பக்கம் காயும், நடுவில் பழுப்பேறும். உடனே உரக்கடைக்குப் போய், "செடி காயுது, மருந்து குடுங்க" என்று கேட்கிறோம்.

மனிதருக்குக் காய்ச்சல் எப்படியோ, செடிக்குப் பழுப்பு அப்படி. அது அறிகுறி, காரணம் வேறெங்கோ இருக்கும். இந்தப் பக்கத்து வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை, அடுத்து மண்ணை, அதற்குப் பிறகுதான் பூச்சியையும் பூஞ்சையையும். கீழே உள்ள குறிப்புகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

முதலில் நோட்டம்

1. பழுப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்று பாருங்கள். இலையின் நுனியும் விளிம்பும் மட்டும் கருகினால் தண்ணீர்க் குறைவு, உப்பு, உரச்சூடு இவற்றில் ஒன்று. செடியின் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் சுவரின் அனல், அல்லது தினமும் அங்கே காலைத் தூக்கும் தெருநாய். ஒரே ஒரு கிளை காய்ந்தால் அந்தக் கிளையில் துளையோ, இறுகிய கட்டுக் கம்பியோ இருக்கும். செடி முழுக்க ஒரே சமயத்தில் மங்கினால் கோளாறு வேரில்.

2. துஜாவின் உட்பக்கம் பழுப்பேறினால் பதற வேண்டாம். வெளிச்சம் படாத பழைய இலைகளை அது தானாகவே கழிக்கும். கிளையை விலக்கிப் பார்த்து, உள்ளே மட்டும் காய்ந்து வெளிநுனிகள் பசுமையாக இருந்தால் கையால் உதறிவிட்டால் போதும். வெளிநுனியில் தொடங்கி உள்ளே பரவும் பழுப்புதான் கவலைக்குரியது. இட்லிப்பூவிலும் அடியில் உள்ள நாலைந்து முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி விழுவது இயல்பே.

3. காய்ந்த கிளைக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் பிழைக்கும். பழுப்பாக, வறண்டு இருந்தால் அந்த இடம் முடிந்தது. நுனியில் தொடங்கி அடிவரை ஒவ்வொரு சாணுக்கும் சுரண்டிப் பாருங்கள். பச்சை எங்கே ஆரம்பிக்கிறதோ அதுவரைதான் பின்னால் வெட்ட வேண்டியிருக்கும்.

4. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசியில் மிளகாய்த்தூள் அளவுப் புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் சிவப்புச் சிலந்தி. விரலால் தேய்த்தால் தாளில் செம்பழுப்புக் கோடு விழும். எதுவும் நகரவில்லை என்றால் அது வெறும் சாலைத் தூசிதான்.

5. மண்ணை மேலாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை அடி நீளக் கம்பி ஒன்றை வேர்ப்பகுதியில் இறக்கி, சிறிது நேரம் விட்டு உருவுங்கள். அடிவரை ஈர மண் ஒட்டி, குட்டை வாடை வந்தால் தண்ணீர் அதிகம். கம்பி நாலு விரல் தாண்டி இறங்கவே மறுத்தால், ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் மேலேயே ஓடிவிடுகிறது என்று பொருள்.

6. கடந்த இரண்டு மாதங்களில் வீட்டைச் சுற்றி நடந்ததை யோசித்துப் பாருங்கள். டைல்ஸ் கழுவிய ஆசிட், பெயிண்ட் பிரஷ் கழுவிய தின்னர், பக்கத்துக் காலி மனையில் அடித்த களைக்கொல்லி, சிமென்ட் கலவை போட்ட இடம் எல்லாம் செடியைக் காய வைக்கும். களைக்கொல்லிச் சாரல் காற்றில் வந்து படும்போது காற்று வந்த பக்கத்து இலைகள்தான் முதலில் சுருண்டு வெளிறும்.

7. பழுப்பு முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பத்து நாள் கழித்துப் பழுப்பு நூலைத் தாண்டியிருந்தால் நோய் நடக்கிறது. தாண்டவில்லை என்றால் அது பழைய காயம். மருந்து எதுவும் தேவையில்லை. காய்ந்துபோன இலை எந்த மருந்தாலும் மறுபடி பச்சையாகாது. புதுத் துளிர் எப்படி வருகிறது என்பதுதான் சிகிச்சையின் அளவுகோல்.

தண்ணீர்க் கணக்கு

8. மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேருக்கும் காற்று வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகி, தண்ணீரை உறிஞ்சும் திறனை இழக்கும்; மேலே இலையோ தாகத்தில் இருப்பது போல் தொங்கும். அதைப் பார்த்து இன்னொரு வாளி ஊற்றுவதுதான் வாசல் செடிகள் சாவதற்கு முக்கியக் காரணம். துஜா வறட்சியை ஓரளவு தாங்கும்; தேங்கும் நீரைத் தாங்கவே தாங்காது.

9. போர் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள். டி.டி.எஸ். மீட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் பாசன நீர் அளவுகோலின்படி லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை கவலையில்லை. 450 முதல் 2000 வரை செடியைப் பொறுத்துக் கவனம் வேண்டும். 2000-க்கு மேல் போனால் பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது. மீட்டர் இல்லாதவர்கள் தொட்டி விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பூப்பு படிகிறதா என்று பார்க்கலாம்.

10. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. வீணாக்க மனமில்லை என்றால் தரை துடைக்க, கழிப்பறைக்கு, வண்டி கழுவப் பயன்படுத்துங்கள். செடிக்குத்தான் என்றால் நல்ல தண்ணீரோடு சரிபாதி கலந்து, அரளிக்கும் காகிதப்பூவுக்கும் மட்டும் கொடுங்கள். இட்லிப்பூவுக்கும் துஜாவுக்கும் வேண்டாம்.

11. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. ஒரு கேனில் பிடித்து இட்லிப்பூவுக்கு ஊற்றுங்கள். மழைநீர் அதைவிட நல்லது. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. மாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் ஒரு டிரம் வைத்துப் பிடித்தால், மழை விட்ட பிறகும் சில வாரங்களுக்குத் தொட்டிச் செடிகளைக் காப்பாற்றலாம். கொசு வராமல் வலை போட்டு மூடுவது அவசியம்.

12. தொட்டிச் செடிகளில் படிந்த உப்பை மாதம் ஒருமுறை கழுவி வெளியேற்றுங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித் துளை வழியே வடிய விடுங்கள். வடிந்த நீர் தட்டில் நிற்கக் கூடாது. நின்றால் அதே உப்பு திரும்ப மேலே ஏறும். தரையில் நட்ட செடிக்கு இதைச் செய்யுமுன் நீர் வடிகிறதா என்று 18-வது குறிப்பின்படி சோதியுங்கள்.

13. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் கிடைத்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுவது புரிகிறது. ஆனால் மதிய வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வருவது கொதிநீர். அதை நேரே வேரில் விட்டால் இலை அன்றே கருகும். கை பொறுக்கும் சூடு வரும்வரை தண்ணீரைத் தரையில் விட்டு, பிறகு செடிக்குத் திருப்புங்கள். விடியற்காலையில் ஊற்றுவதே சிறந்தது. இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புபவர்களுக்கு அதுவே வசதியும்கூட.

14. தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட வாரம் இரண்டு மூன்று முறை ஆழமாக ஊற்றுவது நல்லது. மேலாக ஊற்றினால் வேர் மேலேயே சுற்றும்; ஒருநாள் மறந்தாலும் நுனி கருகும். தண்டை ஒட்டி ஊற்றாமல், இலைக் குடையின் விளிம்புக்கு நேர் கீழே வட்டமாகப் பாத்தி கட்டி ஊற்றுங்கள். நீரை உறிஞ்சும் இளவேர்கள் அங்கேதான் இருக்கின்றன.

15. துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை கழுவிய தண்ணீரும் செடிப்பாத்தி வழியாக ஓடுகிறதா என்று பாருங்கள். டிடர்ஜென்ட்டில் உள்ள சோடியம் களிமண்ணை இறுக வைக்கும், இலை விளிம்பைக் கருக்கும். பாத்திக்கு ஒரு செங்கல் வரப்பு கட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். அரிசி களைந்த நீர் பரவாயில்லை. ஆனால் உப்புப் போட்டு வடித்த கஞ்சி வேண்டாம்.

மண் செய்யும் வேலை

16. சென்னைப் பக்கத்து நர்சரிகளில் விற்கும் செடிகளில் நிறைய ஆந்திரத்தில் ராஜமுந்திரியை அடுத்த கடியம் பகுதியிலிருந்து வருபவை. பயணத்தில் உடையாமல் இருக்க, வேரைச் சுற்றிப் பசைமண்ணை உருண்டையாகப் பிடித்துக் கட்டியிருப்பார்கள். காய்ந்தால் இந்த உருண்டை கல்லாகிவிடும். ஊற்றும் நீர் அதற்குள் போகாமல் சுற்றி ஓடும். நடுமுன் கவரைக் கிழித்து, உருண்டையைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெளிமண்ணை விரலால் மெல்ல உதிர்த்துவிடுங்கள். துஜாவின் நடுவேரை மட்டும் அசைக்காதீர்கள்.

17. சுவரோரம் நட்ட செடி மட்டும் வெளிறிப் பழுப்பேறினால் அங்கே தோண்டிப் பாருங்கள். வீடு கட்டியபோது கொட்டிய ரப்பீஸ், சிமென்ட் பால், சுண்ணாம்புக் காரை எல்லாம் ஓரத்தில்தான் புதைந்திருக்கும். இவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலத்துக்கு அந்த மண்ணை அள்ளிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, ஆற்று மணலோ தென்னைநார்க் கழிவோ ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். தென்னைநாரை முதலில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை எடுத்துவிட வேண்டும்.

18. இந்தப் பக்கத்து மனைகளில் பல ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்கள். 1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்த பிறகு வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. மேலே ஓரடி கிராவல் நிரவியிருந்தாலும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் வயல் களி கீழே அப்படியே கிடக்கும். ஓரடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் நல்லது. மறுநாளும் நின்றால் அந்த இடத்தில் குழி நடவு வேண்டாம். முக்கால் அடி உயர மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள்.

19. இட்லிப்பூவின் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்து, பிறகு விளிம்பு பழுப்பேறினால் அது இரும்புச்சத்துக் குறை. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இட்லிப்பூவின் பூர்வீகம். அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் செழிக்கும். சிமென்ட் கலந்த மண்ணிலும் கடினமான போர் நீரிலும், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் அன்னபேதி 5 கிராம், எலுமிச்சை உப்பு 1 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். டைல்ஸிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை விழும். சாக்கை விரித்து மூடிக்கொண்டு தெளியுங்கள்.

20. குறை எந்த இலையில் தெரிகிறது என்பதை வைத்துச் சத்தைப் பிரித்தறியலாம். இளம் இலை வெளிறினால் இரும்பு. முதிர்ந்த இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் படர்ந்தால் மெக்னீசியம். அதற்கு எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் தெளிக்கலாம். முதிர்ந்த இலையின் விளிம்பு மட்டும் காய்ந்தால் சாம்பல் சத்துக் குறையாக இருக்கலாம். ஆனால் உப்பு நீரும் இதே போலக் கருக்கும். ஆகவே 9-வது குறிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

21. யூரியா, டி.ஏ.பி. ஆகியவற்றைக் கைப்பிடி அளவில் வேரடியில் போடுவது இலையைக் கருக்கும். சின்னச் செடிக்கு ஒரு தேக்கரண்டியே அதிகம். போட்டுவிட்டு இலை கருகத் தொடங்கினால், மேலே கிடக்கும் உரத்தைச் சுரண்டி எடுத்து, இரண்டு மூன்று நாள் நிறையத் தண்ணீர் விட்டு வடிய விடுங்கள். மக்காத சாணமும் ஊறவைக்காத கடலைப் புண்ணாக்கும் இதே சூட்டைத் தரும். பழுப்பேறி நலிந்த செடிக்கு உரம் வேண்டாம். புதுத் துளிர் வந்த பிறகு மண்புழு உரம் இரண்டு கைப்பிடி போடுங்கள்.

22. வேர்ப்பகுதிக்கு மூடாக்குப் போடுங்கள். வேப்பிலை, உதிர்ந்த சருகு, தென்னை மட்டைத் தூள் எதுவானாலும் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் போதும். கோடையில் மண் சூடு குறையும், தண்ணீர்த் தேவையும் குறையும். தண்டை ஒட்டி மூடாமல் நாலு விரல் இடம் விடுங்கள். இல்லாவிட்டால் தண்டடி அழுகும். அழகுக்காகப் போடும் வெள்ளைக் கூழாங்கல் வெயிலை இலைமேல் திருப்பியடிக்கும். இட்லிப்பூ அடியில் அதை எடுத்துவிடுங்கள்.

பூச்சியும் பூஞ்சையும்

23. ஸ்ரீபெரும்புதூர் சாலை, வெளிவட்டச் சாலை ஓரத்து வீடுகளில் லாரித் தூசி இலைமேல் படலமாகப் படியும். வெயிலும் தூசியும் சேர்ந்தால் சிவப்புச் சிலந்திக்குக் கொண்டாட்டம். இலை சாம்பல் புள்ளி விழுந்து, வெண்கல நிறமாகி, பிறகு பழுப்பேறும்; நுனியில் மெல்லிய வலை தெரியும். வாரம் இருமுறை காலையில் ஹோஸின் வேகத்தில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினாலே பாதி போகும். அப்படியும் இருந்தால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளிலும், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் அடித்தால் இலை வெந்துவிடும்.

24. செம்பருத்தியில் பஞ்சுபோல் அப்பியிருப்பது மாவுப்பூச்சி. முதலில் மொய்த்த நுனிகளை வெட்டி, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குப்பைமேட்டில் வீசினால் திரும்ப வரும். பிறகு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் 5 மில்லி, தண்ணீர் ஒரு லிட்டர் கலந்து, பூச்சியின் மேலேயே படும்படி மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். முதலில் ஒரு கிளையில் அடித்து, மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்துக்கொண்டு முழுச் செடிக்கும் அடிப்பது நல்லது.

25. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் அதைவிடப் பெரிதாக, வெள்ளை இழைகளோடு வேகமாக ஊர்ந்து போகும் ஒன்றைப் பார்த்தால் கொல்லாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிதான் அதன் உணவு. 2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவியபோது, எந்த மருந்துக்கும் சரியாக அடங்கவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. கடும் பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்தால் இந்தக் காவலாளிகள்தான் முதலில் சாகும்.

26. இலையில் கரி பூசியது போல் கறுப்புப் படலம் இருந்து, தண்டில் எறும்பு வரிசை ஓடினால், மேலே செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. அவை கழிக்கும் தேன்துளியில்தான் கரும்பூஞ்சை வளர்கிறது. அந்தத் தேனுக்காக எறும்பு பூச்சியைப் பாதுகாக்கிறது, கிளை விட்டுக் கிளைக்குத் தூக்கியும் போகிறது. சுவரைத் தொடும் கிளைகளை வெட்டி எறும்பின் பாதையை அடைத்துவிடுங்கள். தண்டில் ஒட்டிய செதில்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள். பூச்சி போனால் கரிப்படலம் தானாக உதிரும்.

27. தண்டின்மேல் மண்பூச்சு ஏறினால் கரையான். புது மனைகளில் கதவுச் சட்டக் கழிவும் சாரப் பலகைத் துண்டும் மண்ணுக்குள் கிடக்கும்; கரையான் அங்கே குடியேறிச் செடிக்கு வரும். மண்பூச்சைத் தட்டி, காய்ந்த பட்டையை நீக்கி, மரத்துண்டுகளைத் தோண்டி எடுங்கள். வேரைச் சுற்றி வேப்பம்புண்ணாக்கு 100 கிராம் கொத்திக் கலந்துவிடுங்கள். நல்ல ஈரமும் உயிரும் உள்ள தண்டைக் கரையான் அவ்வளவாகத் தொடாது. வந்திருக்கிறது என்றால் செடி முன்பே நலிந்திருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

28. தண்டடி கறுத்து, பட்டையை உரித்தால் பழுப்பாக நீர் கசிந்தால் வேரழுகல். முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். பள்ளமாக இருந்தால் வடிகால் வெட்டுங்கள். பிறகு காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். மூன்று வாரம் கழித்து டிரைக்கோடெர்மா விரிடி 20 கிராமை ஒரு கிலோ மக்கிய தொழுஉரத்தில் கலந்து இடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் போட்டால் தாமிரம் அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும்.

29. எந்த மருந்தானாலும் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, காற்று வரும் திசையைப் பார்த்து நிற்காமல் பக்கவாட்டில் நின்று அடியுங்கள். சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள். பூச்சிமருந்தையும் பூஞ்சைமருந்தையும் "ரெண்டும் ஒண்ணாவே அடிச்சிடலாம்" என்று கலப்பது செடியைப் பொசுக்கும். பூஜைக்குப் பறிக்கும் செம்பருத்திக்கும், சமையலறைக்குப் பக்கத்துக் கறிவேப்பிலைக்கும் ரசாயனமே வேண்டாம்.

வெட்டும் பருவமும்

30. துஜாவை வெட்டும்போது பச்சை இலை கொஞ்சமாவது மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். இலையில்லாத பழைய கட்டையிலிருந்து அது துளிர்ப்பது அரிது. பழுப்பாயிற்றே என்று அடிவரை வெட்டினால் ஓட்டை நிரந்தரம். இட்லிப்பூ, டுராண்டா, செம்பருத்தி அப்படியல்ல. உயிருள்ள கட்டையிலிருந்து நன்றாகவே துளிர்க்கும். காய்ந்த பகுதிக்குக் கீழே ஓர் அங்குலம் பச்சையில் இறங்கி வெட்டலாம். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகுமுன் கத்தரியை டெட்டாலோ ஸ்பிரிட்டோ தொட்ட துணியால் துடையுங்கள்.

31. கத்திரி வெயிலில் கவாத்து வேண்டாம். மே முதல் வாரம் தொடங்கி மாதக் கடைசிவரை வெட்டினால், இதுவரை நிழலில் இருந்த உள் இலைகள் திடீரென வெயில் பட்டு வெந்துபோகும். மேற்குப் பார்த்த சுவரும் டைல்ஸ் தரையும் மாலை வரை அனலைத் திருப்பி வீசும். அந்த இடத்துச் செடிகளுக்கு 50 சதவீத நிழல்வலையை ஜூன் வரை மேற்கில் மட்டும் கட்டுங்கள். ஆடி, ஆவணி மாலை மழைகள் தொடங்கியபின் லேசான கவாத்து, ஐப்பசிக்கு முன் உரம் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

32. வெள்ளம் வடிந்த பிறகு பார்க்கும் பழுப்பு தாமதமாகத்தான் வரும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும், செம்பரம்பாக்கம் ஏரி உபரிநீர் போகும் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம் வழித்தடத்தில் தாழ்வான தெருக்களில் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீரில் நின்றபோது பச்சையாக இருந்த செடி, தை மாத வெயிலில் திடீரென மொத்தமாகக் காயும். தண்ணீர் வடிந்ததும் இலைமேல் ஒட்டிய சேற்றைக் கழுவுங்கள். வேர்மேல் படிந்த வண்டலைச் சுரண்டி எடுங்கள். ஈரமண்ணை மிதிக்காதீர்கள். மேல்மண் உலர்ந்த பிறகு லேசாகக் கொத்திக் காற்றோட்டம் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்.

33. சொந்த முயற்சியில் பிடிபடாவிட்டால் கேட்க இடமிருக்கிறது. கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையமும் எட்டும் தொலைவில்தான் உள்ளது. போகும்போது காய்ந்த ஒரு கிளையைக் கொண்டுபோனால் போதாது. பாதி பச்சை, பாதி பழுப்பாக உள்ள கிளை, வேரடியில் அரையடி ஆழத்து மண் ஒரு கைப்பிடி, செடிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில், முழுச் செடியின் படம் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

34. சுரண்டிப் பார்த்ததில் அடித்தண்டுவரை பழுப்பு என்றால் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். அதே குழியில் உடனே அதே செடியை வைக்காமல், மண்ணை மாற்றி ஒரு மாதம் வெயிலில் காயப் போடுங்கள். தண்ணீர் உப்பாக இருந்தால் அடுத்த முறை துஜாவுக்குப் பதில் காகிதப்பூவோ அரளியோ வையுங்கள். அரளி முழுவதும் நஞ்சு; குழந்தைகள், ஆடுமாடு இருக்கும் வீட்டுக்கு ஆகாது. வேலிக்கு மருதாணி, நிழல் விழும் இடத்துக்கு நந்தியாவட்டை பொருந்தும். நர்சரிக்குப் போகுமுன் வீட்டுத் தண்ணீரின் டி.டி.எஸ். எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, "இந்தத் தண்ணிக்கு எந்தச் செடி நிக்கும்?" என்று கேட்டு வாங்குங்கள். விலையை அப்புறம் பேசலாம்.